டோவர் கோட்டையில் பதினொரு வீட்டுச் சாப்பாடு

லண்டனுக்குப் போய்ப் பத்து நாள் நின்றுவிட்டு, தங்கிய வீட்டைத் தவிர வேறு எவர் வீட்டுப் படியையும் மிதிக்காமல் திரும்பி வந்த யாழ்ப்பாணத்துப் பெண் இந்த ரொறன்ரோவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. வந்த மறுநாள் நாங்கள் இருக்கும் வெக்ஸ்போர்ட் பகுதியில் வழக்கமாக மரக்கறி வாங்கும் கடைக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அன்ரி திரும்பிப் பார்த்து விசாரணையைத் தொடங்கினார்.

“லண்டனிலை ஆற்றை ஆற்றை வீட்டை போனனீங்கள்?”

“ஒருதற்றை வீட்டையும் போகேல்லை அன்ரி. கோட்டைக்குப் போனனான்.”

“கோட்டையிலை ஆர் இருக்கினம்?”

அங்கே எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை, எண்ணூறு வருடத்துக்கு மேற்பட்ட கல்லும் ஒரு ராசாவின் கட்டிலும்தான் இருக்கின்றன என்று சொன்னேன். அன்ரி முருங்கைக்காயைப் பைக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற என் கணவரை அனுதாபத்தோடு பார்த்தார். அவர் வழக்கம்போல உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். ரொறன்ரோவில் இருந்து லண்டனுக்குப் போகும் நாங்கள் ஊர் பார்க்கப் போவதில்லை. முகம் காட்டப் போகிறோம். என் பக்கத்தில் ஐந்து வீடு, கணவர் பக்கத்தில் ஆறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நேரச் சாப்பாடு. ஒரு வீட்டை விட்டால், விடுபட்ட வீட்டுக்காரர் அடுத்த பத்து வருடத்துக்கு எங்கே கண்டாலும், “நீங்கள் பெரிய இடத்து ஆக்கள், எங்கட வீட்டை வருவியளே” என்று கேட்பார்கள். அதனால் போன ஐந்து தடவையும், ஒரு கலியாணம், பெரியபிள்ளையானவர்களுக்கு இரண்டு சாமத்தியவீடு, ஒரு செத்தவீடு, ஒரு அறுபதாம் கலியாணம் என்று போய், நான் கண்ட இங்கிலாந்து முழுவதும் சோபாக்கள்தான். எந்த வீட்டுச் சோபா பதியும், எது முதுகைக் குத்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

லண்டன்காரர் இங்கே வந்தால் கதை வேறு. அவர்களை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் கடமை. அங்கேயும் ஒரு முறை இருக்கிறது. வாகனத்தை நிறுத்தியவுடன் நீர்வீழ்ச்சியைப் பார்க்கக்கூடாது. முதலில் டிக்கியைத் திறக்கவேண்டும். தண்ணீர் எங்கேயும் ஓடிவிடாது, புட்டு ஆறிவிடும் என்பது எங்கள் நியாயம். இந்தப் பழக்கம் ஒருநாள் என் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

கோட்டைக் கதைக்கு வருகிறேன். அது என் இருபத்துமூன்றாம் வயதில் தொடங்கியது.

நான் பிரான்சில் இருந்து கப்பலில் ஏறி இங்கிலாந்தின் கென்ட் கரையில், டோவர் துறைமுகத்தில் வந்து இறங்கினேன். கையில் இருந்த கடவுச்சீட்டில் படம் மட்டும் என்னுடையது. பெயரும் பிறந்த தேதியும் வேறொருத்தியுடையவை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார். அவரில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை, அவர் தன் வேலையைச் செய்தார். என்னை ஒரு அறையில் இருத்தினார்கள். அந்த அறைக்கு ஒரு யன்னல். யன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு மலைச்சரிவு. அதன் உச்சியில் கோட்டை, கோட்டையில் ஒரு கொடி.

சீருடை போட்ட ஒரு பெண் கடுதாசிக் கோப்பையில் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில், மேலே தெரிவது என்ன என்று கேட்டேன். அது கோட்டை, சனி ஞாயிறில் குடும்பமாகப் போவார்கள், சான்விச் கட்டிக்கொண்டு போய் மேலே ஏறிக் கடல் பார்த்துவிட்டு வருவார்கள், நல்ல பொழுதுபோக்கு என்று சொன்னாள். நான் சுற்றுலாவுக்கு வந்தவள் என்பதுபோல, எந்தக் கள்ளமும் இல்லாமல் சொன்னாள். உற்றுப் பார்த்தேன். மதிலின் மேல் ஆட்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாகக் கோட் போட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. பயமும் அந்த நேரம் விட்டுப்போயிற்று. வந்தது ஆத்திரம். அவர்கள் சான்விச்சோடு மேலே நிற்க, நான் ஏன் கீழே ஒரு கதிரையில் இருக்கவேண்டும்? அன்று மாலைக் கப்பலில் என்னைப் பிரான்சுக்கே திருப்பி அனுப்பினார்கள். கப்பலின் பின்பக்கத்தில் நின்று, கோட்டை மறையும்வரை பார்த்துக்கொண்டே போனேன். ஒருநாள் இங்கே திரும்பி வருவேன், சான்விச் கட்டிக்கொண்டு அதன் உச்சிக்கு ஏறுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் வைத்த நேர்த்திக்கடன்களில் கோயிலுக்கு வெளியே வைத்தது அது ஒன்றுதான்.

பிறகு கனடா. ரொறன்ரோவின் பார்க்டேலில் இரண்டு அறைக்குள் எட்டுப் பெண்கள் இருந்தோம். குளிர், வேலை, கலியாணம், வெக்ஸ்போர்ட், பிள்ளைகள். கனடாவுக்கு எப்படி வந்தோம் என்ற கதையை எங்கள் ஆட்கள் கலியாணவீட்டுப் பந்தியில் இருந்து விலாவாரியாகச் சொல்வார்கள். திருப்பி அனுப்பப்பட்ட கதையை ஒருவரும் சொல்வதில்லை. நானும் கணவரைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. அவருடைய அக்கா, என் மச்சாள், முப்பது வருடமாக லண்டனில் எனக்கு உடம்பு நோகாமல் பாய் தலையணை போட்டுத் தருபவர், அவருக்கும் தெரியாது.

இந்த வருடம் அவசரம் வந்தது. நான் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். பிரேக் மிதித்து மிதித்து வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இலையுதிர் காலத்தில் சத்திரசிகிச்சை என்று டொக்டர் நாள் குறித்தார். அதன் பிறகு ஒடுங்கிய படிகளில் ஏறலாமா என்று கேட்டேன். பிறகு பார்ப்போம் என்றார். டொக்டர்மாரின் பிறகு பார்ப்போமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இந்தக் கோடையில் ஏறினால் உண்டு, விட்டால் அந்தக் கோட்டையை நான் கீழே இருந்து பார்த்தவளாகவே போய்ச் சேருவேன்.

சித்திரையில் பயிற்சி தொடங்கினேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்டை விட்டு ஐந்தாம் மாடிக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபரோ பிளஃப்ஸுக்குப் போய், ஏரிக்கு மேலே நிற்கும் அந்த வெளிறிய சரிவுப் பாதையில் ஏறி இறங்கினேன். கணவர் கீழே மர வாங்கில் இருந்து தொலைபேசியில் செய்தி வாசிப்பார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்ததும், “கோட்டை பிடிபட்டுதோ?” என்று கேட்பார். அவருக்குத் தெரிந்த ஊக்கம் அவ்வளவுதான்.

சரி, காலைத் தயார்படுத்தலாம். பதினொரு வீட்டை என்ன செய்வது? மூன்று நாள் யோசித்து, லண்டன் உறவுகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி எழுதினேன். இந்த முறை நாங்கள் ஒருவர் வீட்டுக்கும் வரமாட்டோம், எல்லாரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் காண ஆசை, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மச்சாள் வீட்டில் கூடி டோவர் கோட்டைக்குப் போவோம், ஒருவரும் சமைக்கவேண்டாம், எல்லாருக்கும் நான் சான்விச் கொண்டு வருவேன். அனுப்புவதற்கு முன் கணவருக்குக் காட்டினேன்.

“உது சொந்தத்தை முறிக்கிற கடிதமெல்லோ,” என்றார்.

“இல்லை. அழைப்பிதழ்.”

“ரெண்டுக்கும் ஒரு சொல்லுத்தான் வித்தியாசம். அனுப்பும்.”

இரண்டு நாள் குழுவில் ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் வாசித்ததற்கான நீல அடையாளம் மட்டும் விழுந்தது. மூன்றாம் நாள் மச்சாளின் தொலைபேசி ஓயவில்லையாம். கோபித்தவர்கள் கோபித்து முடிய, வேறு யோசனைகள் வந்தன. மார்கேட்டில் நல்ல மணல் கடற்கரை இருக்கிறது, கால் நனைக்கலாம் என்றது ஒரு வீடு. கன்ரபரியில் பெரிய தேவாலயம் இருக்கிறது, இருந்து பார்க்கலாம் என்றது இன்னொரு வீடு. அதே கென்ட்டில் குளத்துக்கு நடுவே வேறொரு கோட்டை இருக்கிறது, மயில் நிற்கும், படி குறைவு என்று மூன்றாவது வீடு. நாலாவது வீட்டுக்காரி கொஞ்சமும் கூச்சப்படாமல், போகிற வழியில் மலிவு விலைக் கடைத்தொகுதி இருக்கிறது, அங்கேயே நின்றுவிடலாம் என்றாள். நான் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போட்டேன். டோவர். எட்டு மணி.

இதில் நான் செய்த பிழை ஒன்று. சமைக்கவேண்டாம் என்று எழுதியது. எங்கள் ஆட்களிடம் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னால் மன்னிப்பார்கள். சாப்பாடு வேண்டாம் என்று சொன்னால் அது சவால்.

அந்தச் சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்கு எழும்பி, பட்டர் பூசி, வெள்ளரிக்காயும் முட்டையும் வைத்து நாற்பது சான்விச் செய்தேன். மச்சாள் குசினி வாசலில் நின்று பார்த்தார். காய்ச்சலில் கிடக்கிற வருத்தக்காரருக்குக் கொடுக்கிற சாப்பாடு என்றார். ஏழரைக்கு நான் வெளிக்கிட்டு வாசலில் நின்றேன். பஸ் ஓட்டுகிறவளுக்கு எட்டு மணி என்றால் எட்டு மணி. எட்டுக்கு ஒருவரும் இல்லை. எட்டரைக்கும் இல்லை.

விசாரித்ததில் விளங்கியது. எங்கள் ஆட்கள் ஒரு மணித்தியாலம் பிந்துவார்கள் என்று மச்சாளுக்குத் தெரியும். ஆகவே எல்லாரையும் தனித்தனியாக அழைத்து ஏழு மணி என்று சொல்லியிருக்கிறார். மச்சாள் எப்போதும் இரண்டு மணித்தியாலம் முந்திச் சொல்வார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே எல்லாரும் சொல்லி வைத்ததுபோல ஒன்பதுக்கு வந்து இறங்கினார்கள். மூன்று வான், இரண்டு கார். ஏறுங்கோ, ஏறுங்கோ என்று நான் கையைத் தட்டினேன். மச்சாள் செருப்புப் போடவில்லை. வாசல் படியில் இருந்தார்.

“ராகுகாலம் தொடங்கிட்டுது பிள்ளை. பத்தரைக்குத்தான் வெளிக்கிடலாம்.”

“மச்சாள், உது இந்த ஊருக்குச் செல்லாது.”

“ராகுவுக்கு விசா தேவையில்லை. இரும், தேத்தண்ணி குடிப்பம்.”

பதினொரு வீட்டாரும் உள்ளே போய்த் தேத்தண்ணீர் குடித்தார்கள். அந்த ஒன்றரை மணித்தியாலம் நான் வாசலில் நின்ற நிலையை என் கணவர் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். அடைத்த கதவுக்கு முன்னால் நிற்கும் ஆத்திரம் எனக்குப் பழையது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அன்றைக்கு மட்டும் அவர் என்னைச் சீண்டவில்லை. சான்விச் பெட்டியைத் தூக்கி வானில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார்.

பத்தரைக்கு வெளிக்கிட்டு, வழியில் இரண்டு தரம் நிறுத்தி, வாகன நெரிசலில் ஊர்ந்து, டோவரில் கோட்டை வாகனத் தரிப்பிடத்துக்கு வரும்போது ஒன்றரை மணி தாண்டிவிட்டது. நான் கதவைத் திறந்து இறங்குவதற்குள் மூன்று வானின் டிக்கியும் திறந்துவிட்டன.

நயாகரா என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. மடிப்பு மேசைகள் வந்தன. அலுமினியத் தட்டுகள் வந்தன. இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பிலாக்காய்க் கறி, கட்லட், ரோல்ஸ், நண்டு. நண்டை யார் கோட்டைக்குக் கொண்டு வருவார்கள்? பதினொரு வீடும் தங்கள் வீட்டில் எனக்குப் போடவேண்டிய சாப்பாட்டைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தன. என்னை நடுவில் ஒரு மடிப்புக் கதிரையில் இருத்தி, மடியில் தட்டை வைத்தார்கள். சட்டம் எளியது. ஒரு வீட்டுக் கறியைத் தொட்டால் எல்லா வீட்டுக் கறியையும் தொடவேண்டும். தொடுவதை அந்தந்த வீட்டுக்காரர் முன்னால் நின்று பார்ப்பார்கள். இரண்டாம் தரம் போட்டுக்கொண்டால்தான் மன்னிப்பு முழுமை பெறும்.

அதிலும் வரிசை பிரச்சினை. என் பக்கத்து ஐந்து வீட்டையும் முதலில் சாப்பிட்டால் கணவர் பக்கத்துக்கு முகம் கறுக்கும். ஒன்று விட்டு ஒன்றாகச் சாப்பிட்டேன். ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு குடும்பக் கதை. பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கூரை, சீனி வருத்தம். கோட்டைக் காவலாளி ஒருவர் என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் கையில் கட்லட் கொடுத்தார்கள். அவர் இரண்டாவதையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சொன்ன செய்திதான் என்னைச் சுட்டது. பெரிய கோபுரத்தின் உச்சிக்கு ஏறுவதென்றால் ஐந்து மணிக்கு முன் வாசலில் நிற்கவேண்டுமாம்.

மணியைப் பார்த்தேன். நாலே கால். ஏழாவது வீட்டுப் பிலாக்காய்க் கறி தட்டில் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மேலே கோபுரம். அதே கொடி. அன்றைக்கு அந்தச் சனங்கள் சான்விச்சைத் தின்றுவிட்டு மேலே ஏறினார்கள். நான் முப்பத்தைந்து வருடம் கழித்து, கனடாக் கடவுச்சீட்டும் நுழைவுச்சீட்டும் கையில் இருக்க, வாசலுக்கு வந்து கதிரையில் இருந்துகொண்டிருக்கிறேன். இந்த முறை என்னைக் கதிரையில் இருத்தியவர்கள் என் சொந்தக்காரர். எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது, அன்பும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் எனக்கு எழும்பத்தான் தெரியும்.

தட்டை மேசையில் வைத்தேன். போத்தல் தண்ணீரில் கையைக் கழுவினேன். எல்லாரும் கதையை நிறுத்திவிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் எழும்புவது செத்தவீட்டுச் செய்தி வந்தால் மட்டும் செய்கிற காரியம்.

“பிள்ளை, இன்னும் நாலு வீடு கிடக்கு,” என்றார் மச்சாள்.

“நாலு வீடும் மேலை வரட்டும் மச்சாள். நான் போறன்.”

“உந்தக் காலோடை எங்கை போறீர்?”

“இந்தக் காலை இதுக்காகத்தான் இவ்வளவு நாள் வைச்சிருக்கிறன்.”

நடந்தேன். வாகனத் தரிப்பிடத்தில் இருந்து கோபுர முற்றத்துக்குப் போகும் பாதை ஏற்றம். திரும்பிப் பார்க்கவில்லை. கணவரின் சப்பாத்துச் சத்தமும் சான்விச் பெட்டி அவர் தொடையில் அடிபடும் சத்தமும் பின்னால் கேட்டன. கொஞ்சம் பொறுத்து வேறு சத்தங்களும் கேட்டன. முறுமுறுப்பு, மூச்சு, யாரோ ஒரு பிள்ளையைக் கூப்பிடுவது, மச்சாளின் வளையல். பதினொரு வீடும் சட்டிகளை மூடி வைத்துவிட்டு என் பின்னால் வந்துகொண்டிருந்தன.

வாசலில் நின்ற வயதான ஊழியர் என் நடையைப் பார்த்தார். படிகள் ஒடுக்கம், சுற்றிச் சுற்றிப் போகும், நிறைய இருக்கின்றன என்று மரியாதையாகச் சொன்னார். தெரியும், சித்திரை மாதத்தில் இருந்து பயிற்சி செய்கிறேன் என்றேன். மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. என் பின்னால் வந்த முப்பத்துச் சொச்சம் பேரையும் பார்த்தார். பிறகு விலகி நின்று கையால் வழி காட்டினார். இந்தக் கரையில் ஒரு மனிதர் எனக்கு உள்ளே போகும்படி கை காட்டியதை நான் நின்று ஒரு கணம் பார்த்தேன்.

ராசாவின் அறையை நான் சரியாகப் பார்க்கவில்லை. சிவப்பும் நீலமும் பொன்னுமாக எங்கள் கலியாண மணவறை நிறத்தில் ஒரு கட்டில் இருந்தது. பின்னால் வந்த கூட்டம் அதில் நின்று படம் எடுத்தது. நான் படிக்குப் போனேன். சுவரோடு ஒரு தடித்த கயிறு. கயிற்றைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, கெட்ட காலை இழுத்து ஏறினேன். யன்னல் மாடம் வந்த இடத்தில் எல்லாம் நின்றேன். மூன்றாவது தரம் நின்றபோது முழங்கால் நடுங்கியது.

“ஆறுதலா ஏறும். ஒருதரும் துரத்தேல்லை,” என்றார் கணவர் பின்னால் இருந்து.

“ஐஞ்சு மணி துரத்துது.”

“உள்ளை வந்திட்டீர். இனி உம்மை ஆர் திருப்பி அனுப்பிறது?”

முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் சொன்ன நல்ல வசனங்களை ஒரு கையில் எண்ணலாம். அது அதில் ஒன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சப் படியையும் ஏறினேன்.

மேலே காற்று முகத்தில் அறைந்தது. கடல். கடலுக்கு அப்பால் மெல்லிய கோடாகப் பிரான்ஸ். நேரே கீழே துறைமுகம். லொறிகள் வரிசையாக நின்றன, ஒரு கப்பல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. நான் மதிலைப் பிடித்துக்கொண்டு அந்த அறையைத் தேடினேன். எந்தக் கட்டடம் என்று தெரியவில்லை. புதிய கூரைகள், புதிய பாதைகள். இடித்திருக்கலாம். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அந்த யன்னலுக்கு இங்கிருந்து ஒரு தரம் கையைக் காட்டவேண்டும் என்று நினைத்திருந்தேன். பரவாயில்லை என்று எல்லாக் கூரைகளுக்கும் பொதுவாகக் காட்டினேன்.

மச்சாள் கடைசிப் படியில் தோன்றினார். எழுபது வயது. மூச்சு இரைக்க என் பக்கத்தில் வந்து மதிலைப் பிடித்தார்.

“ஆருக்குக் கை காட்டிறீர்?”

சொன்னேன். கடவுச்சீட்டு, கதிரை, யன்னல், கடுதாசிக் கோப்பை, மாலைக் கப்பல், எல்லாம் சொன்னேன். அவருக்குப் பின்னால் ஏறி வந்தவர்களும் நின்று கேட்டார்கள். ஒளிக்க மனம் வரவில்லை. அந்த உயரத்தில் நின்று சொல்லும்போது அது வெட்கமான கதையாக எனக்குப் படவில்லை. மச்சாள் கீழே துறைமுகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து ஒரு அடி அடித்தார்.

“உதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ. நான் ராகுகாலம் பாத்திருக்க மாட்டன்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “உந்த வருத்தக்காரச் சாப்பாட்டிலை ஒண்டைத் தாரும்,” என்றார்.

கணவர் பெட்டியைத் திறந்தார். வானில் மூன்று மணித்தியாலமும் தொடையில் அரை மணித்தியாலமும் அடிபட்டு, சான்விச் எல்லாம் நசிந்து, முட்டை வெளியே வந்திருந்தது. நாற்பதும் போயின. ஒன்பது பத்துக் கறி சாப்பிட்டு வயிறு முட்டிய மனிதர்கள், ஒருவர் மிச்சம் இல்லாமல், வெறும் வெள்ளரிக்காய்ச் சான்விச்சை வாங்கிக் கடல் பார்த்துக்கொண்டு தின்றார்கள். நண்டு கொண்டு வந்தவர், நல்ல ருசி என்று சொன்னார். பொய்தான். அந்தப் பொய்யை நான் மறக்கமாட்டேன்.

மச்சாளின் மகள், லண்டனில் பிறந்த பிள்ளை, தொலைபேசியை நீட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வந்தாள்.

“மாமி, லுக் ஹியர். ஜஸ்ட் வன் ஃபோட்டோ.”

“பொறு பிள்ளை. உந்தக் கப்பல் போகட்டும்.”

கீழே கதவு மூடிவிட்டது. மாலைக் கப்பல் மெதுவாகப் பின்வாங்கி, திரும்பி, துறைமுக வாயைத் தாண்டியது. அதன் பின்தளத்தில் ஆட்கள் நின்று கோட்டையைப் பார்ப்பது புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. நான் மஞ்சள் கோட் போட்டிருந்தேன். இதற்காகவே ரொறன்ரோவில் வாங்கிய கோட். வாய் நிறையச் சான்விச். கப்பல் சிறுத்துச் சிறுத்துப் பிரான்ஸ் பக்கம் போவதை ஒரு வாயும் விடாமல் மென்றுகொண்டு பார்த்தேன். அவள் பொறுக்காமல் படத்தை எடுத்துவிட்டாள்.

அந்தப் படம் இப்போது வெக்ஸ்போர்ட்டில் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது. போன கிழமை மரக்கறிக்கடை அன்ரி வீட்டுக்கு வந்தார். நான் ஒருவர் வீட்டுக்கும் போகாவிட்டாலும் என் வீட்டுக்கு ஆட்கள் வருவதை நிறுத்தவில்லை. தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“எல்லாரும் கமராவைப் பாக்கினம். நீங்கள் மட்டும் எங்கை பாக்கிறீங்கள்?”

“கீழை கப்பலொண்டு போகுது அன்ரி.”

“அதிலை ஆர் போகினம்?”

“தெரியாது. நான் இல்லை.”